வயிற்றில் வைத்த ஈயம்

புலாய் மரத்தைப் பச்சையாகச் செதுக்கக் கூடாது. கட்டையை வெட்டி ஆறு மாதமாவது நிழலில் போட்டுவைக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தூண்டிலில் மாட்டச் செய்யும் பொய்மீன் ஒரு மழைக்காலம் தாங்காது. மேல்பூச்சு வெடித்து, நீர் உள்ளே இறங்கிவிடும். பொதுப்பணி இலாகாவில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு இந்த ஒன்பது ஆண்டுகளில் நூற்றுப் பன்னிரண்டு பொய்மீன்கள் செய்திருக்கிறேன். ஒன்றுகூட வெடித்ததில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உங்கள் இலாகாவின் அறிக்கை, இன்ஸ்பெக்டர். அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ‘கைத்தேர்ச்சி இல்லாமல், பாரம் தவறாக வைத்துச் செய்யப்பட்ட பொய்மீன் அடியில் சிக்கியதே விபத்துக்குத் தொடக்கம்’ என்பது ஒன்று. ‘உடனிருந்த முதியவர் பதற்றத்தில் செயலற்றுப் போனார்’ என்பது மற்றது. நான் பதறவில்லை. பாரமும் என் கையில் தவறவில்லை. இவ்விரண்டையும் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் சண்முகரத்தினம். வயது அறுபத்து நான்கு. பிரிக்பீல்ட்ஸில் சொந்த வீடு. என் தகப்பனார் தில்லையம்பலம், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். 1931 முதல் கிள்ளானில் பத்து ஆண்டுகள் தனியாக இருந்து வேலை பார்த்தார். அம்மாவும் நானும் கோலாலம்பூரிலேயே இருந்தோம். எங்கள் இலங்கைத் தமிழர் சங்கத்தின் வாசகசாலையை நிறுவியவர் அவர். வெள்ளைக் கோட்டில் ஒரு பொத்தான் திறந்திருந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய ஒரே பொழுதுபோக்கு தோமான் பிடிப்பது. தோமான் என்பது ஆள் கை நீளத்துக்கு வளரும் விரால். அதற்கென மரத்தில் சிறு மீன் செதுக்கிச் சாயம் பூசிக் கொக்கி மாட்டுவார். அவர் விட்டுச் சென்ற ஏழு பொய்மீன்களைப் பழுதுபார்க்கப் போய்த்தான் நானும் இந்த வேலையில் இறங்கினேன்.

சென்ற ஆண்டு ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், அய்யாவு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் சாயம் போன பழைய பொய்மீன் ஒன்று.

“பெட்டாலிங் ஜெயாவுல தூண்டில் கடைக்காரன் அனுப்பிச்சான் சார். பழைய லூர்னா பிரிக்பீல்ட்ஸ் சார்கிட்ட போ, அவரு கை பட்டா செத்த மீனும் நீந்தும்னான்.”

“செத்த மீன் நீந்தாது. என்ன மரம்?” என்றேன்.

“மரம் எனக்கு என்ன தெரியும் லா. கிள்ளான்ல லோரி ஓட்டுறவன் நானு. சின்ன வயசுல ஒருத்தரு செஞ்சு குடுத்தது. நல்லாக்கிக் குடுங்க சார், வீட்டுல லெட்சுமி இதத் தூக்கிப் போடுங்கறா. என்னையே அப்புறமாத் தூக்கிப் போடுவா.”

அவனே சிரித்துக்கொண்டான். நான் டின்னை வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன்.

பழைய பொய்மீனைப் புதுப்பிப்பது உரிக்கும் வேலை. மேல்பூச்சு, அதன் கீழ் செதில் வண்ணம், அதன் கீழ் வெள்ளை. ஒவ்வொன்றையும் மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். நல்ல கைக்காரர்கள் தலை முதல் வால் வரை உடலுக்குள் ஒரே கம்பியை ஓட்டி, அதில்தான் கொக்கிகளை மாட்டுவார்கள். மீன் எவ்வளவு இழுத்தாலும் மரம் உடையலாம், கம்பி விடாது. என் தகப்பனார் இடது கைக்காரர். வால் பக்கம் கம்பியை இரண்டு சுற்று எதிர்ப்புறமாக முறுக்குவார். வேறு யாரும் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. அய்யாவு கொண்டுவந்ததில் அதே இரண்டு சுற்று இருந்தது.

வெள்ளையையும் உரித்தேன். வயிற்றுப் பக்கம் பென்சில் எழுத்து. தகப்பனார் தம் பொய்மீன்களில் சாயத்தின் அடியில் நாள் குறித்துவைப்பார். என்னிடமுள்ள ஏழிலும் நாள் மட்டும் இருந்தது. இதில் ‘சின்னவனுக்கு’ என்று எழுதி, அதன் கீழ் 5-3-1941 என்று போட்டிருந்தது.

சின்னவன் என்றால் பெரியவன் ஒருவன் இருக்க வேண்டும். அந்தப் பெரியவன் நான்தான். என் பெயருக்கென்று அவர் ஒன்றும் செதுக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

வேலையைக் குறை வைக்காமல் முடித்தேன். கொசுவலைத் துண்டைப் போர்த்திச் சாயம் தெளித்துச் செதில் எடுத்தேன். பன்னிரண்டு முறை மேல்பூச்சு. அய்யாவு வந்து வாங்கித் தலையிலிருந்து வால் வரை விரலால் தடவிப் பார்த்தான். அம்மாவின் பெயரைக் கேட்டேன்.

“வள்ளியம்மா. கிள்ளான் ஸ்டேஷன் குவாட்டர்ஸ்ல சமையல் வேல செஞ்சாங்க.”

“அப்பா?”

“பொறப்பு சூராவுல அப்பா பேரு எழுதற எடத்துல ஒரு கோடுதான் இருக்கு சார். ஆனா ஆளு நல்ல ஆளு. இத ஆத்துல விட்டு நீந்தறதப் பாத்துக் கைதட்டிச் சிரிப்பாரு. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.”

என் தகப்பனார் வீட்டில் சிரித்து நான் கேட்டதில்லை. அய்யாவுவின் நெற்றியையும் மடல் ஒட்டிய காதுகளையும் அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தேன்.

அவனை விலக்கியிருக்கலாம். நான் விலக்கவில்லை. எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறான் என்று அறிய வேண்டியிருந்தது. ஞாயிறு தோறும் அவன் லோரியில் ஏறிக்கொண்டு செமினிப் பக்கம் போனோம். அங்கே கைவிடப்பட்ட சுரங்கக் குட்டைகள் உண்டு, தோமான் நிறைய. அவன் நல்ல துணை. சத்தமாகப் பேசுவான், தன் பங்குச் சோற்றில் பாதியை எனக்கு வைப்பான். ஒரு முறை அவனுடைய பொய்மீன் வேரில் சிக்கியபோது உடனே நீரில் இறங்கி எடுத்து வந்தான். நீச்சல் தெரியுமா என்றேன்.

“ஆத்தோரம் பொறந்தவன், நீச்சல் தெரியாது. சிரிக்காதீங்க. கடையில வாங்குனதுன்னா நூல வெட்டிட்டுப் போயிடுவேன். கையால செஞ்சது, செஞ்சவரு பக்கத்துல நிக்கிறாரு. அவரு முன்னாடி வெட்டுனா மொகத்துல அடிச்ச மாதிரி லா.”

இது தூண்டில் போடுகிற எங்களுக்குள் உள்ள மரியாதைதான். கையால் செய்து தந்ததைச் செய்தவர் எதிரில் அறுப்பதில்லை. அவன் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் மாதம் சங்க மண்டபத்தில் என் தகப்பனாரின் படத்தைத் திறந்துவைப்பது என்று முடிவாயிற்று. இதற்காகப் பதினோரு ஆண்டுகள் எழுதி, நினைவூட்டி, காத்திருந்தேன். தமிழ்ப் பத்திரிகையில் படத்துடன் அறிவிப்பு வந்தது. அந்த வாரமே அய்யாவு அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான்.

“பேப்பர்ல பாத்தேன் அண்ணே” என்றான். அதுவரை சார் என்றுதான் சொல்லிவந்தான். “பேரு தெரியாமத்தான் இருந்துச்சு. மொகம் மறக்குமா. எனக்கு ஒண்ணும் வேணாம். சொத்து வேணாம், பேரு வேணாம். அன்னைக்குக் கடைசி வரிசையில உக்காந்து பாத்துட்டுப் போயிடறேன். பொண்ணுங்க ரெண்டையும் கூட்டிட்டு வரேன். தாத்தாவப் பாக்கட்டும்.”

“பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டாயோ?”

“இன்னும் இல்ல. அன்னைக்கு அங்க வச்சே சொல்லலாம்னு.”

வரலாம் என்றேன். வேறு என்ன சொல்வது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். கேட்பதை அவன் மெல்லக் கேட்கிறவன் இல்லை. நீங்கள் எங்கள் சமூகத்தவர் இல்லை என்பதால் இதை விளக்க வேண்டியிருக்கிறது. முந்நூறு பேர் இருக்கும் மண்டபம். மேலே படத்தில் ஒரு முகம், கடைசி வரிசையில் அதே முகம், பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் தாத்தா என்கிறார்கள். அதன் பிறகு அந்தப் படத்தை யாரும் படமாகப் பார்க்க மாட்டார்கள். என் அம்மா முப்பது ஆண்டுகள் அந்த மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர். இறந்தவர்களுக்காக யாராவது ஒருவர் நிமிர்ந்து நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை.

இனி முதல் பிழைக்கு வருகிறேன்.

பொய்மீனின் வயிற்றில் ஒரு துளையிட்டு ஈயம் வைப்பது உண்டு. நடுவுக்குச் சற்று முன்னே, அளவாக வைத்தால், சுருட்டும்போது முங்கும். நிறுத்தினால் மேலே வரும். சிக்காது. நான் செய்த நூற்றுப் பதினொன்றும் அப்படித்தான். நூற்றுப் பன்னிரண்டாவதில் இரண்டு மடங்கு ஈயத்தைத் தலைக்கு அருகில் வைத்தேன். தாடையில் பொருத்தும் தகட்டை அகலமாக வெட்டினேன், ஆழம் தேடிப் போவதற்காக. கொக்கிகள் பெரியவை. உள்ளே ஒரே கம்பி. குளியலறைத் தொட்டியில் பதினேழு முறை விட்டுப் பார்த்தேன். பதினேழு முறையும் தலைகுப்புற இறங்கி அடியில் நின்றது. நான் செய்ததிலேயே அழகானது அதுதான். செதிலுக்கு மட்டும் நான்கு நாள் எடுத்தேன். அதைக் கைத்தேர்ச்சி இல்லாதது என்று எழுதியவர் ஒரு முறையாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

குட்டையையும் நானே தேர்ந்தேன். சுரங்க மணலைக் கழுவ அந்தக் காலத்தில் கட்டிய மரச்சட்டங்கள் ஒரு குட்டையின் மேற்குக் கரையில் மூழ்கிக் கிடக்கின்றன. அங்கே கரையிலிருந்து ஆறு அடித் தூரம் வரை முழங்கால் நீர். ஏழாவது அடியில் தரை இல்லை. ஒரு வாரநாளில் டாக்சி பிடித்துத் தனியாகப் போய்க் கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தேன். முப்பது அடிக் கயிறு போதவில்லை. அவனுடைய சுருளில் பழைய, மெல்லிய தங்கூசி நூலை எடுத்துவிட்டு, இழுத்தால் அறாத கனமான நூலைச் சுற்றிக் கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னான்.

படத்திறப்புக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிறு காலை ஒன்பது மணி. பொய்மீனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எனக்கா அண்ணே? இவ்ளோ அழகா இருக்கு, தோமான் இதத் திங்காது, கல்யாணம் கட்டிக்கும்.”

மூன்றாவது வீச்சில் சிக்கியது. வலப்பக்கம் போய் இழுத்தான், இடப்பக்கம் போய் இழுத்தான். நூல் கம்பி போல் நின்றது. நீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“இது ஆழம் மாதிரி தெரியுது. வெட்டிரட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?”

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் கேட்டான். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் கோபப்படவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை.

“அது என்ரை கையாலை செய்தது” என்றேன். அவ்வளவுதான்.

“சரி, சரி. மொகத்த அப்படி வைக்காதீங்க” என்றான். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தான். காற்சட்டையை மடித்துக்கொண்டு நூலைக் கையால் பிடித்தபடி நடந்தான். நான் அடிகளை எண்ணினேன்.

இரண்டாவது பிழை இனிமேல்தான். அவன் முங்கி மேலே வந்தபோது கரையிலிருந்து ஏழெட்டு அடித் தூரத்தில் இருந்தான். நான் நீரின் ஓரத்தில் நின்றேன். என் கையில் எட்டடித் தூண்டில் கோல் இருந்தது. கையை நீட்டினால் இன்னும் இரண்டடி. அவனும் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டான். “கோல நீட்டுங்க” என்றான், மிகத் தெளிவாக. இரண்டாம் முறையும் சொன்னான். நான் கோலைப் புல்லின்மேல் வைத்தேன், சுருளுக்குள் மணல் போகாதபடி மேல்பக்கமாகத் திருப்பி. பிறகு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். நீர் அடங்கி, அடியிலிருந்து கிளம்பிய சேறு கலைந்து தெளிய இருபது நிமிடம் ஆயிற்று. எழுந்து சாலையோரக் காப்பிக்கடைக்கு நடந்து போய்ச் சொன்னேன். ஓடவில்லை. ஓடுவது என் வயதுக்கு அழகில்லை. செயலற்றுப் போனவன் இதையெல்லாம் செய்வானா என்று நீங்களே யோசியுங்கள்.

கிள்ளானில் சாவு வீட்டுக்குப் போனேன். மகன் இல்லாததால் கூட லோரி ஓட்டும் ஒருவர் கொள்ளி வைத்தார். லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க என்ன பண்ணுவீங்க அங்கிள், வயசானவங்க” என்று அழுதாள். அந்த இரக்கத்தை நான் கேட்கவில்லை. பிறகு உங்கள் அறிக்கையும் அதையே எழுதியது. கொலைகாரன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கையாலாகாதவன் என்று எழுதினால் அது என் தகப்பனாரின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கும்.

அவர் பெயரை இந்த வாக்குமூலத்தில் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மீன்பிடிப்பதில் தகராறு என்று எழுதினால் போதும். உறவுமுறை கேட்கும் கட்டத்தில் ‘இல்லை’ என்று போடுங்கள். அய்யாவு எங்களுக்கு யாரும் இல்லை. எந்தக் காகிதத்திலும் அப்படி ஒன்று கிடையாது. எத்தனை முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

படத்திறப்பு குறித்த நாளில் ஒழுங்காக நடந்தது. கடைசி வரிசையில் யாரும் இல்லை. குத்துவிளக்கை மகன் ஏற்றுவது என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. என் மனைவி மீனலோசனி தோளைத் தொட்டு, “இஞ்சாருங்கோ, உங்களைத்தான் கூப்பிடுகினம். இதுக்குத்தானே இவ்வளவு காலம் இருந்தனீங்கள்” என்றாள். முழங்கால் ஏலாது என்றேன். செயலாளர் சிவசம்பு ஏற்றினார். தன்னடக்கம் என்று மேடையிலேயே பாராட்டினார்கள்.

முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அவன் செத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சாவுத் துடக்கில், அந்தத் தீட்டு நாட்களில், எங்கள் ஆட்கள் விளக்கேற்றுவதும் இல்லை, கோயிலுக்குப் போவதும் இல்லை. கூடப்பிறந்தவனுக்கு அது முப்பத்தொரு நாள்.