பின் கைப்பிடி

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்... நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலம். இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள், இதை நான் கத்திச் சொல்ல மாட்டேன். என் சிநேகிதனின் சின்னம்மா மகளுக்கு நடந்தது.

அவள் பல் செட் செய்கிறவள். அவளிருக்கும் தெருவில் பாதிக் கிழவர்களின் சிரிப்பு அவள் கைவேலை. எட்டு வருஷத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். படி வந்தால் தூக்குவது, மேடு வந்தால் தள்ளுவது எல்லாம் அண்ணன். முப்பத்துநாலு வயதுக்காரியை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான். அவளும் அவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

அந்த மலையில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்றே ஒரு கூடார முகாம். பலகைத் தளம், சரிவுப்பாதை, அகலக் கதவு வைத்த கழிப்பறை எல்லாம் உண்டு. ஆனால் கடைசி இரண்டு கிலோமீட்டர் குறுகல் பாதை. அதற்கு ஓர் ஒற்றைச் சக்கர வண்டி வைத்திருந்தார்கள். முன்னால் வழிகாட்டி இடுப்பில் பட்டையை மாட்டிக்கொண்டு இழுப்பார். பின்னால் ஒருவர் இரண்டு கைப்பிடியையும் பிடித்துச் சாயாமல் கொண்டுபோக வேண்டும். விட்டால் போச்சு. உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சில் வார்; திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் ஒரு வழக்கம். வழிகாட்டி "கல்லு", "பள்ளம்" என்று குரல் கொடுப்பார். பின்னால் இருப்பவர் "ம்" சொல்ல வேண்டும். "ம்" வராவிட்டால் வண்டி நிற்கும்.

பின்னால் அண்ணன். "வேற ஆள் எதுக்கு? நான் இருக்கேன்ல?" என்று அவனே கேட்டு வாங்கிய வேலை.

இருட்டிவிட்டது. வழிகாட்டியின் நெற்றி விளக்கு மட்டும்தான் வெளிச்சம். சரக்... சரக்... சக்கரத்துக்கடியில் சரளைக்கல். ஒரு வளைவு வந்தது.

"வளைவு, பார்த்து!" என்றார் வழிகாட்டி.

"ம்."

வண்டி சாய்ந்தது. பள்ளம் அப்படியே அவள் முகத்துக்கு நேரே வந்தது. நெஞ்சு வாரை இறுகப் பற்றிக்கொண்டாள். பிறகு... மெல்ல நிமிர்ந்துவிட்டது.

"அண்ணா?"

"ம்."

கம்மிய குரல். பாவம், மூச்சு வாங்குகிறான். போனதும் தோளைப் பிடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒன்று... வளைவுக்கு அப்புறம் வண்டி பஞ்சாகப் போனது. "உங்க அண்ணனுக்கு இப்பதான் தெம்பு வந்திருக்கு" என்று வழிகாட்டியே சிரித்தார். ரொம்ப நாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த வாடை பின்னாலிருந்து வந்தது. காலடிச் சத்தமும் கேட்டது... ஒரே ஒரு ஜோடிக் கால். வழிகாட்டியின் கால்.

எட்டு மணிக்கு முகாம். வழிகாட்டி வண்டிக்கு முட்டுக் கொடுத்து, பட்டையைக் கழற்றி, விளக்கோடு திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. ஒதுங்கப் போயிருப்பான் என்று காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்... வழிகாட்டியின் வாக்கி டாக்கி இரைந்தது. கீழே, அவர்களை இறக்கிவிட்ட வேனின் ஓட்டுநர்.

"அந்தம்மா அங்க நல்லா இருக்காங்களா? அவங்க அண்ணன் ஏழரைக்கே இங்க வந்துட்டாரு. உக்காந்து அழுதுகிட்டே இருக்காரு."

அவள் அதைப் பிடுங்கினாள். "அண்ணா... எங்க விட்ட?"

"வளைவுல."

"தடுக்கி விழுந்துட்டியா?"

இரைச்சலுக்கு நடுவே அண்ணன் குரல் வந்தது.

"இல்ல பாப்பா. எட்டு வருஷம் தூக்கியாச்சு... ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் தோணுச்சு. விட்டுட்டேன். விழற சத்தத்துக்குக் காத்துக்கிட்டு நின்னேன்... சத்தமே வரல. வண்டி பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு. யாரு பிடிச்சிருக்காங்கன்னு பார்க்கத் தைரியமில்ல. ஓடி வந்துட்டேன்."

வழிகாட்டி போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். அவளுக்கோ அன்றிரவு பேய்ப் பயமே வரவில்லை. கூடப் பிறந்தவன் அவள் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றிருக்கிறான். அவனுக்குத் தோள் வலிக்குமே என்று கவலைப்பட்டோமே என்று நினைத்து நினைத்து அழுதாள். அந்தத் துரோகத்தை அவளால் தாங்கவே முடியவில்லை.

விடியும் முன்னே அண்ணன் நடந்தே மேலே வந்துவிட்டான். முகமெல்லாம் வீங்கியிருந்தது. அவள் வண்டியில் வார் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிரு பாப்பா. நான் பிடிக்கிறேன். இனிமே விடவே மாட்டேன்."

"வேற ஆளு மத்தியானம் வந்துருவாங்கம்மா, இருப்போம்" என்றார் வழிகாட்டி.

"வேண்டாம். நீங்க பட்டையை மாட்டுங்க. திரும்பாம நடங்க." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "நீ என் பின்னால வராதே. முன்னால நில்லு. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லு."

"அப்ப பின்னால யாரு பாப்பா?"

"நேத்து விடாம பிடிச்சவங்க."

அவள் திரும்பாமல், மெதுவாகக் கேட்டாள். "கிளம்பலாமா?"

"ம்."

கைப்பிடி உயர்ந்தது. வண்டி நிமிர்ந்தது. பழக்கதோஷம், "ம்" கேட்டதும் வழிகாட்டியின் கால் தானாக எழுந்துவிட்டது. பாதையில் எதிரே நின்ற அண்ணன் மட்டும் அசையவில்லை. அவன் பார்வை அவள் தலைக்கு மேலே போனது. அங்கே நிற்கவில்லை... இன்னும் மேலே போனது. கழுத்து பின்னால் மடிந்து தொப்பி கழன்று விழுந்த பிறகும், அவன் நிமிர்ந்து நிமிர்ந்து... பார்த்துக்கொண்டே இருந்தான்.