இழை ஒட்டுகிற இருவர்

ஷஹாத்தா: அடுத்த இழை என்ன நிறம், சொல்லு மாப்ள.

லுத்ஃபி: பச்சை.

ஷஹாத்தா: பச்சை... இதானே?

லுத்ஃபி: அது பழுப்பு, மச்சான். அதுக்குப் பக்கத்துல பாரு.

ஷஹாத்தா: இந்த சூயஸ் ரோட்டுத் தூசி இருக்கே... கண்ணுல மண்ணை அள்ளிப் போடுது.

லுத்ஃபி: ஆமா, தூசி. நேத்து வெயிலு. முந்தாநாள் காத்து.

ஷஹாத்தா: நக்கலா? குழிக்குள்ள இருட்டா இருக்கு, டார்ச்சை ஒழுங்காப் பிடி. ஆட்டாதே!

லுத்ஃபி: நான் எங்க ஆட்டுறேன்? நோம்பு மச்சான். விடிஞ்சதுலேருந்து சொட்டுத் தண்ணி இல்ல.

ஷஹாத்தா: நோம்பு எனக்கும்தான். என் கை ஆடுதா? சரி விடு. உங்கக்கா வாத்துக்கறி வெச்சிருக்கா. பொழுது சாயறதுக்குள்ள வந்தா உண்டுன்னா.

லுத்ஃபி: எங்க போறது? குழிக்குள்ள இன்னும் பாதிக் கேபிள் ஒட்டாம கெடக்கு. நோம்பு திறக்குற நேரத்துக்கு ரோட்டுல காரை மறிச்சு பேரீச்சம்பழம் குடுப்பானுங்களே, அதான் நமக்கு இன்னிக்கு.

ஷஹாத்தா: கேபிளுக்குள்ள தாமிரம்னு நெனச்சு வெட்டியிருக்கான் திருட்டுப் பாவி. ராத்திரியெல்லாம் தோண்டி, வெட்டிப் பாத்தா உள்ள முடி கனத்துக்குக் கண்ணாடி! அவன் மூஞ்சியைப் பாத்திருக்கணும்.

லுத்ஃபி: நம்ம மூஞ்சி மட்டும் எப்படி இருக்குதாம்?

ஷஹாத்தா: ...பச்சை ஒட்டியாச்சு. மேல சொல்லு.

லுத்ஃபி: பழுப்பு. இப்பத்தான் எடுத்தியே, அதேதான்... மச்சான், பெருநாள் முடிஞ்சதும் இழை ஒட்டுற புது மெஷின் வருதாமே?

ஷஹாத்தா: வருது. இனிமே கேபிள்ல இழையெல்லாம் பட்டையா ஒட்டியே வருமாம். ஒரு தரம் மெஷின்ல வெச்சா பன்னெண்டு இழையும் சேந்து ஒட்டிக்குமாம்.

லுத்ஃபி: அதுக்கப்புறம் நடுவுல ஓட்டை விட்ட இழையாம். வெளிச்சம் கண்ணாடியில போகாது, காத்துலயே ஓடுமாம். இன்னும் வேகமாம்.

ஷஹாத்தா: காத்தைக் காசு குடுத்து வாங்கி, கொண்டாந்து பாலைவனத்துல புதைக்கணுமாக்கும். இங்க இல்லாத காத்தா!

லுத்ஃபி: சிரிக்காதே. வேனுக்கு ஒரு ஆள் போதும்னு பேசிக்கிறாங்க.

ஷஹாத்தா: தெரியும்.

லுத்ஃபி: ஒருத்தரை வெச்சுக்கிட்டு இன்னொருத்தரை அனுப்பிடுவாங்க.

ஷஹாத்தா: தெரியும்னு சொன்னேன்ல! வேலையைப் பாரு.

லுத்ஃபி: ...சாம்பல்.

ஷஹாத்தா: ம்.

லுத்ஃபி: வெள்ளை.

ஷஹாத்தா: ம்.

லுத்ஃபி: சிவப்பு... அப்புறம் கறுப்பு.

ஷஹாத்தா: சிவப்பு முடிஞ்சுது. கறுப்பு... வெச்சாச்சு.

லுத்ஃபி: நிறுத்து! நீ வெச்சது ஊதா. ஒட்டியிருந்தா சூயஸ்காரன் பேச்சு இத்தாலிக்குப் போயிருக்கும்.

ஷஹாத்தா: எது கறுப்புன்னு எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே?

லுத்ஃபி: எடுத்தா கீழ போட்டுடுவேன். உனக்குத் தெரியாதா?

ஷஹாத்தா: ...தெரியும். அது நோம்பு இல்லைன்னும் தெரியும்.

லுத்ஃபி: தூசி இல்லைன்னு எனக்கும் தெரியும். மச்சான்... ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நேத்து சாயங்காலம் நம்ம இன்ஜினியரைப் பாக்கப் போனேன்.

ஷஹாத்தா: நீயா? எதுக்கு?

லுத்ஃபி: 'மச்சானுக்கு நிறம் பிரிச்சுத் தெரியலை. நான் பக்கத்துல நின்னு சொன்னாத்தான் ஒட்டுவாரு. எங்களைப் பிரிச்சுடாதீங்க'ன்னு கேட்டேன். உன்னை மாட்டிவிடணும்னு இல்ல. அல்லா மேல சத்தியம்.

ஷஹாத்தா: ...அவர் என்ன சொன்னார்?

லுத்ஃபி: ஒண்ணும் சொல்லலை. 'நீயுமா?'ன்னு கேட்டுட்டு சிரிச்சார். அதான் எனக்கு விளங்கலை.

ஷஹாத்தா: எப்படி விளங்கும்? நேத்துக் காலையில நான் போயிருந்தேன், மாப்ள. 'அவன் கை நடுங்குது, நான் கூட இருந்தாத்தான் வேலை ஆகும்'னு சொல்லிட்டு வந்தேன். இனி நம்ம ரெண்டு பேருல யாரைடா அவர் வெச்சுக்கப் போறார்?