பதினோராவது பெயர்

ஓடுகிறோம். பங்குனி, வெள்ளிக்கிழமை, விடிந்து சற்று நேரம். பின்னால் கூரைகள் எரிகின்றன. மூங்கில் வெடிக்கிறது. டப். டப்.

"மேற்கூர்க்காரனுக ஆத்தைத் தாண்டிட்டானுக. மலைக்கு ஓடுங்க."

கத்துவது என் வீட்டுக்காரர் வீரணன். மகள் என் இடுப்பில். எட்டு மாதம். அவர் மாடுகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறார்.

உலகத்தில் பெரிய யுத்தம் நடந்த காலம் அது. எங்கள் யுத்தம் வாய்க்கால் தண்ணீருக்காக. கிழக்கூரும் மேற்கூரும் ஏழு வருடம் வெட்டிக்கொண்டோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மாட்டு மணி எங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தேன்.

"மணிய அவுத்துருங்க."

அவிழ்த்தார். வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

குறுக்குப் பாதையில் நான் முதலில் ஏறிவிட்டேன். அடிவாரத்தில் எங்கள் ஊர்க் காவல். மணியோடு வந்தால் நம் மாடு. மணியில்லாமல் புதர் அசைந்தால் மேற்கூரான். அதுதான் அவர்கள் வைத்திருந்த அடையாளம். எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். கீழே புதர் அசைகிறது. வீரணனின் பங்காளி முத்தையா வேல்கம்பை எறிகிறான். நான் வாய் திறப்பதற்குள். பிறகுதான் மாடு கத்தியது. புதருக்குள் விழுந்து கிடந்தது வீரணன்.

ஆவணியில் சமாதானம். ஆண் செத்த வீட்டை எதிரூர் கட்டித் தர வேண்டும் என்று ஆற்றங்கரையில் பேசி முடித்தார்கள். அதுவரை எனக்கு மரத்தடிதான். மகளுக்கு இருமல் பிடித்திருந்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர் அருகில் வந்து குனிந்தார்.

"மேற்கூரான் குத்துனான்னு சொல்லு ஆத்தா. வீடு கட்டித் தாரதா ஒத்துக்கிட்டாக. உள்ளதச் சொன்னா பிள்ளைய எங்கன வச்சு வளப்ப?"

சொன்னேன். செத்தவர்கள் பட்டியலில், எங்கள் ஊர்ப் பக்கம், வீரணனைப் பதினோராவது பெயராக எழுதினார்கள்.

மேற்கூரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மண் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். அவர்களில் நரைத்த ஒருவர், எங்கள் ஊர் வெட்டியதில் மகனைப் பறிகொடுத்தவர். கடைசி நாள் கதவை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்க ஆளுக அன்னைக்கு அடிவாரத்துக்கே வரலையே தாயி. யாரு குத்துனது?"

நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் மேலே கேட்கவில்லை. அவருக்கு எங்கள் ஊர் கட்டிய வீடு அரைச் சுவரோடு நின்றுபோனது.

மார்கழியில் மகள் அந்த வீட்டுக்குள்ளேயே இறந்தாள். இருமல்தான். மறு ஆடியில் வாய்க்காலில் மறுபடி வெட்டு.

முதல் பட்டியலை நான் திருத்த வேண்டும். மேற்கூரில் ஒன்பது பேர். கிழக்கூரில் பதினொன்று என்று இருக்கிறது. அவர்கள் கொன்றது பத்து. வீரணனைக் கொன்றது நாங்கள். என் மகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. மணியை அவிழ்க்கச் சொன்னது நான்.