எல்லாமே நீல ஒயர்

மெரியல்: ...இந்தாங்க கிளிஃப், இதையும் பாருங்க. இதுவும் நீலம்! லைட்டுக்கு நீல ஒயர், ஹாரனுக்கு நீல ஒயர், பெட்ரோல் முள்ளுக்கும் நீல ஒயர். எந்தப் புண்ணியவான் இந்தக் காரைப் பூட்டிச் சேத்தானோ!

கிளிஃப்: அவனுக்கு... நீலம் பிடிச்சிருக்கும்.

மெரியல்: பிடிச்சிருக்குமா? ஒரே சுருளா மலிவாக் கெடச்சிருக்கும்!

கிளிஃப்: பாவம், விடுங்க. பெட்டி பெட்டியா வந்த சாமானை வீட்டு ஷெட்டுல பரப்பி, ஒத்த ஆளா ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குறதுன்னா சும்மாவா?

மெரியல்: சீட்டுக்கு அடியில என்ன முட்டுக் குடுத்திருந்தான் தெரியுமா? சூப் கரண்டி!

கிளிஃப்: நல்ல எவர்சில்வர் கரண்டி அது.

மெரியல்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கிளிஃப்: இல்ல... எவர்சில்வரா இருந்தாத்தானே இத்தன வருஷம் துருப்பிடிக்காம நிக்கும்?

மெரியல்: ம்ம்... டீ ஆறுது, குடிங்க. நாளைக்கு மலைப்பாதை ரேஸ். புது எஞ்சின் வச்சாச்சு, பின்னாடி டிஸ்க் பிரேக் போட்டாச்சு. ஆஸ்பத்திரியே தெரண்டு வருது. பிரசவம் பாக்குற மெரியலா ரேஸ் ஓட்டப் போறான்னு...

கிளிஃப்: மெரியல்... அந்த ஸ்டியரிங்கை மட்டும் ஒரு தடவ கழட்டிப் பாத்துட்டா...

மெரியல்: ஆரம்பிச்சிட்டீங்களா! மூணு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை வர்றீங்க. வந்த நாள்லேந்து ஸ்டியரிங், ஸ்டியரிங்!

கிளிஃப்: பத்து நிமிஷ வேலைங்க.

மெரியல்: பத்து நிமிஷம்னுதான் போன வாரம் ஹீட்டர்ல கை வச்சீங்க. சாயங்காலம் ஆயிருச்சு.

கிளிஃப்: இப்ப ஹீட்டர் வேலை செய்யுதுல்ல?

மெரியல்: செய்யுது. நிறுத்தத்தான் முடியல!

கிளிஃப்: வெளையாடாதீங்க. பழைய எஞ்சின் எழுபது குதிரை சக்தி. நீங்க இப்ப நூத்தி எண்பது குதிரையக் கட்டியிருக்கீங்க.

மெரியல்: அதுக்கென்ன?

கிளிஃப்: அந்த ஆளு அவசரத்துல ஸ்டியரிங் கீழ்மூட்டுல ஒரு பழைய போல்ட்டை முடுக்கி வச்சிருந்தான்னு வச்சிக்குங்க. அப்புறம் மாத்திக்கலாம்னு. அப்புறம் மறந்தே போயி, வண்டியையும் வித்துட்டான்னு...

மெரியல்: ரொம்ப விவரமா ‘வச்சிக்குங்க’ சொல்றீங்களே.

கிளிஃப்: ...சும்மா ஒரு பேச்சுக்கு.

மெரியல்: சரி, சாவியக் குடுங்க. தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்.

கிளிஃப்: மாட்டேன்.

மெரியல்: கிளிஃப்! என் கார் சாவிய உங்க சட்டைப் பையில போட்டுக்கிட்டா என்ன அர்த்தம்?

கிளிஃப்: நான்தான்!

மெரியல்: நீங்கதான்... என்ன?

கிளிஃப்: அந்தப் புண்ணியவான் நான்தான். நீல ஒயர், கரண்டி, எல்லாம். பதினாலு வருஷம் முன்னாடி வித்தேன். ஏப்ரல் மாசம் லட்லோ ஊருச் சந்தைக்குப் பக்கத்துல நீங்க இதை ஓட்டிட்டுப் போறதப் பாத்தேன். அந்த போல்ட் ஞாபகம் வந்துச்சு... அன்னைலேந்து தூக்கம் போச்சு. நீங்க கார் கிளப்புல ஒத்தாசைக்கு ஆள் கேட்டதும் மொதக் கை நான்தான் தூக்கினேன். சத்தமில்லாம மாத்திட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். நான் ஸ்டியரிங் கிட்டப் போனாலே நீங்க டீயக் கையில குடுத்துடறீங்க!

மெரியல்: வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?

கிளிஃப்: வெக்கம்... வாரா வாரம் திட்டிக்கிட்டே வேற இருந்தீங்க. நாளைக்கு ஏதாவது ஒரு வளைவுல அது அத்துக்கிட்டா... எவ்வளவு வேணா திட்டுங்க. சாவி மட்டும் தர மாட்டேன். ...ஏங்க சிரிக்கிறீங்க?

மெரியல்: காரோட வந்த ஃபைல்ல உங்க பேரு இருக்கு கிளிஃப். போட்டோவும் இருக்கு. தலை நெறைய முடியோட, கையில ஸ்பேனரோட. நீங்க வந்த மொத நாளே கண்டுபிடிச்சிட்டேன்.

கிளிஃப்: அடப்பாவமே! அப்ப கரண்டி கரண்டின்னு என் மூஞ்சிக்கு நேராவே...

மெரியல்: பின்ன? எப்பதான் ஒத்துக்குவீங்கன்னு பாத்தேன்.

கிளிஃப்: அதெல்லாம் இருக்கட்டும். அந்த போல்ட்டு?

மெரியல்: அதை வண்டி வாங்கின வாரமே மாத்திட்டேன். சொல்லியிருந்தா... அடுத்த சனிக்கிழமை நீங்க ஏன் வரப் போறீங்க?