மிலன் ஹுடாக்கோட போர்வைக் கம்பி

இல்லம்மா, உங்க மியூசியப் பலகைக்கு எழுதின இந்தத் தாள்ல முதல் வரிலயே ஒரு தப்பு இருக்கு. ரப்பர்னு போட்டிருக்கீங்க. அது ரப்பர் இல்ல, பிளாஸ்டிக். பாலித்தீன். பால் வர்ற கேன் இருக்குல்ல, அதே ஜாதி. இந்த ஆக்ரன் டயர் ஊராச்சா, எதைப் பாத்தாலும் ரப்பர்னு எழுதிடறாங்க. அதை அடிச்சுட்டு மேல படிங்க. காபி ஆறிடும், குடிச்சுக்கிட்டே படிங்க.

ம்... மிலன் ஹுடாக், கேபிள் பிரிவு என்ஜினியர். சரி. தனி ஆளா நின்னு கண்டுபிடிச்சார். அதைப் படிச்சா அவனே சண்டைக்கு வருவான். ஆறு பேர் இருந்தோம். கதிர் பாய்ச்சுற மிஷின்ல ரெண்டு பேர், சோதனை மேஜைல ரெண்டு பேர், மிலன், அப்புறம் நான். நான் கலவை ரூம். என்ஜினியரெல்லாம் இல்ல, வெஸ்ட் வர்ஜீனியால சுரங்கம் வேண்டாம்னு ஓடி வந்தவன். இங்க வந்து பாத்தா இங்கயும் கரித்தூள்தான். மூட்டை மூட்டையா. தும்மினா கைக்குட்டை கருப்பாயிரும். கல்யாணமான புதுசுல என் பொண்டாட்டி என்னைச் சோபாவுல உக்கார விட மாட்டா. எனக்குன்னு ஒரு மர முக்காலி வாங்கி வெச்சிருந்தா.

ஆமா, ஓல்கா. மிலனோட தங்கச்சி. உங்க தாள்ல அவ பேரு கீழ வருதுல்ல? வரட்டும், வரிசையா போவோம்.

அந்தக் கம்பி எப்படி வேலை செய்யும்னு நீங்க எழுதினது எனக்கே புரியலம்மா. சனிக்கிழமை உங்க மியூசியத்துக்கு வர்றவங்களுக்கு எப்படிப் புரியும்? இப்படிப் போடுங்க. பிளாஸ்டிக்குக்குள்ள கரித்தூள். குளிரா இருக்கும்போது தூளெல்லாம் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கும், கரண்ட் ஓடும், சூடாகும். சூடு ரொம்ப ஏறினா பிளாஸ்டிக் உப்பும். உப்பினா தூள் விலகிரும். கரண்டுக்கு வழி இல்லாம தானா அடங்கிரும். ஆறினா மறுபடி சேந்துக்கும். சுவிட்சு வேண்டாம், ஆள் வேண்டாம். போர்வை எங்க மடிஞ்சு சூடாகுதோ அந்த இடம் மட்டும் அடங்கும். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அரை நிமிஷம். செய்யப் பன்னண்டு வருஷம்.

ஏன்னா, கரி கொஞ்சம் ஜாஸ்தியானா அடங்காது. கொஞ்சம் குறைஞ்சா சூடே ஆகாது. ரெண்டும் சரியா வந்தா, நூறு தடவை ஒழுங்கா அடங்கும், நூத்தியோராவது தடவை தூளெல்லாம் உள்ளயே இடம் மாறி உக்காந்துக்கும். போச்சு. கடைசில ஒரு பெரிய மிஷின்ல கதிர் காட்டி அந்தப் பிளாஸ்டிக்கைக் கட்டிப் போட்டோம். எக்ஸ்ரே மாதிரின்னு வெச்சுக்கங்க. அப்புறம்தான் சொன்ன பேச்சு கேட்டுச்சு. நானூத்திப் பன்னண்டாவது கலவை. நீங்க நூத்திச் சொச்சம்னு போட்டிருக்கீங்க. எல்லாத்தையும் கலக்கினவன் நான், எனக்குத் தெரியாதா.

அன்னிக்கா? கைதட்டல் எல்லாம் இல்ல. போர்வையை நாலா மடிச்சு, மேல ரெண்டு தலகாணி, அதுக்கு மேல இன்னொரு கம்பளி போட்டு அமுக்கி, கரண்ட் குடுத்துட்டு மிலன் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்தான். ரெண்டு நாள். சாப்பாடு நான் கொண்டு போய்க் குடுப்பேன். மூணாம் நாள் காலைல தலகாணியைத் தூக்கி உள்ள கை விட்டுப் பாத்தான். வெதுவெதுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். மாப்ள, நீயும் கை வெச்சுப் பாருன்னான். வெச்சேன். அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். நான் கீழ போய் மிஷினைக் கழுவினேன்.

சரி, இப்ப அந்தப் பத்தி. சத்தமா படிக்க வேண்டாம்மா, குடுங்க, நானே படிச்சுக்கறேன்.

கண்ணாடியைத் தொடைச்சுக்கறேன், இருங்க.

ம். கல்யாணம் அறுபத்தி ஆறு, சரி. அவளுக்கு எப்பவும் கால் சில்லுனு இருக்கும். பனிக்காலம் வந்தா என் முதுகுலதான் காலை வைப்பா, தூக்கி வாரிப் போடும். அண்ணன்காரன் கம்பெனில அப்பப் புதுசா போட்ட கம்பியை, தானா அடங்காத சாதாக் கம்பிதான், அதை வெச்சுத் தானே ஒரு கரண்ட் போர்வை தெச்சுக் கொண்டாந்தான். கடைக்குப் போகாத சரக்கு. மஞ்சக் கலர். அதெல்லாம் சரியா எழுதியிருக்கீங்க.

அறுபத்தி ஒம்பது பிப்ரவரி. ஆமா. நான் ஷிப்டு முடிஞ்சு காலைல ஏழரைக்கு வந்தேன். அவளுக்கு நாலு நாளா ஜுரம். இருமல் மருந்து குடிச்சுட்டுப் படுத்திருந்தா. ஏரிப்பக்கத்துல இருந்து அடிச்ச பனி, வாசல்ல தொடை உயரம். தள்ளிட்டு வரேன்னு மண்வெட்டியை எடுத்துக்கிட்டு இறங்கினேன். எங்க வாசல் முடிஞ்சதும் பக்கத்து வீட்டுக் கிழவரு ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு, பாவம், அவரு வாசலையும் தள்ளினேன். நிமிந்து பாத்தா எங்க மாடி ஜன்னல்ல புகை.

ரெண்டு தடவை உள்ள போனேன். ரெண்டாவது தடவை படி இல்ல.

தண்ணி வேண்டாம்மா. நீங்க உக்காருங்க.

தீயணைப்புக்காரரு ஒருத்தரு அன்னிக்கே வந்து கேட்டாரு. எங்க ஆரம்பிச்சதுன்னாரு. கட்டில்லன்னேன். கட்டில் மேல என்ன இருந்துச்சுன்னாரு. கரண்ட் போர்வைன்னேன். எழுதிக்கிட்டாரு. தலையை ஆட்டினாரு. அந்த வருஷம் அந்த மாதிரி அவருக்கு நாலாவது வீடாம். வேற ஒண்ணும் கேக்கல.

மிலன் இடிபாட்டுல இறங்கி அந்தக் கம்பியைத் தேடி எடுத்தான். ஒரு பிஸ்கெட் டப்பால போட்டு லேபுக்குக் கொண்டு போனான். எல்லாம் உருகிக் கட்டியாயிருச்சு, எது முன்ன எது பின்னன்னு அதுல தெரியல. சர்ச்சு வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மாப்ள, நான்தான் கொன்னுட்டேன்னான். அவன் தோள்ல கை வெச்சேன். அதை அவன் மன்னிச்சுட்டேன்னு எடுத்துக்கிட்டான்.

அதுக்கப்புறம்தான் இந்தப் பைத்தியம் அவனுக்குப் பிடிச்சது. தானா அடங்குற கம்பி செய்யணும்னு. மேலதிகாரி முடியாதுன்னா, சொந்த லீவுல வந்து செய்வான். உன் கையாலதான் கலக்கணும் மாப்ள, வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்னான். கலக்கினேன். கல்யாணம் பண்ணிக்கல அவன். கேட்டா, எந்தப் பொண்ணு தைரியமா என் வீட்டுல தூங்குவாம்பான்.

மாமியாரு, அவனைப் பெத்தவங்க, அதைவிட மோசம். கிறிஸ்துமஸ் ராத்திரி சாப்பாட்டுக்கு அவங்க ஆளுங்க செத்தவங்களுக்குக் கூட ஒரு தட்டு வைப்பாங்க, தெரியும்ல? ஓல்காவுக்குத் தட்டு வெச்சாங்க. எனக்கு வெச்சாங்க. மிலனுக்கு வெக்கல. பதினேழு கிறிஸ்துமஸ். அவன் வாசல் வரைக்கும் வந்து, ரொட்டியும் தேனும் குடுத்துட்டு, கார்ல ஏறிப் போயிருவான். கிழவி சாகுற வரைக்கும் அவன் முகத்தைப் பாக்கல. நான் அந்த மேஜைல உக்காந்து முட்டைக்கோஸ் சூப்பு குடிச்சேன். நல்லா இருக்குன்னு கூடச் சொல்லியிருக்கேன்.

என்னது? ஆமா, அந்தக் கம்பி இப்ப எத்தனையோ வீட்டுல இருக்கு. ஆஸ்பத்திரி மெத்தைல இருக்கு, பனில உறையாம இருக்கத் தண்ணிக் குழாய்ல சுத்தியிருக்கு. ஒரு அம்மா மிச்சிகன்ல இருந்து லெட்டர் போட்டாங்க, புள்ள போர்வையைச் சுருட்டித் தலைக்கு வெச்சுத் தூங்கிட்டானாம், ஒண்ணும் ஆகலையாம். மிலன் அதைப் பர்ஸ்ல வெச்சிருக்கான். நல்லதுதானே நடந்துச்சு, நாம வாயைத் தொறந்திருந்தா இது நடந்திருக்காதேன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டது உண்டு. ரொம்ப வருஷம் சொல்லிக்கிட்டேன்.

அதான், இந்த வரி. தன் கையால் செய்த போர்வையே தங்கையின் உயிரைப் பறித்ததால். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா சனிக்கிழமை அவன் முன் வரிசைல உக்காந்திருக்கும்போது இதைச் சத்தமா வாசிப்பீங்க. எண்பத்தி நாலு வயசு அவனுக்கு.

எடுத்துருங்க அதை. இல்லம்மா, துக்கத்துக்காகச் சொல்லல. அது நடக்கல.

போர்வைல கரண்டே இல்ல. உடம்பு கொதிக்குது, இந்தச் சூடு வேற எதுக்கு, பிடுங்கிருன்னா. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் கட்டில் ஓரமா உக்காந்து ஒரு சிகரெட் பத்த வெச்சேன். ராத்திரி பூரா கலவை ரூம்ல பிடிக்க விடமாட்டாங்க. பாதில பனி ஞாபகம் வந்துச்சு. சாசர்ல வெச்சுட்டு, சாசரை அவ கால்மாட்டுல வெச்சுட்டு இறங்கினேன்.

அவனுக்குத் தெரியாது. இன்னிக்குச் சாயங்காலம் மீன் சாப்பிடக் கூட்டிட்டுப் போக வருவான், வெள்ளிக்கிழமையாச்சே, அவங்க சர்ச்சு வழக்கத்துல கறி கூடாது, மீன்தான். வண்டில ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன். அப்புறம் கூட்டிட்டுப் போறதும் விடுறதும் அவன் இஷ்டம். சொல்லலேன்னா சனிக்கிழமை உங்க பலகை சொல்லட்டும்னுதான் உங்ககிட்டச் சொல்றேன்.

ஏன் நிறுத்திட்டீங்க? எழுதிக்கங்க. என் பேரையே போடுங்க. ஆர்வில் டாக்கெட். கடைசில ரெண்டு டி வரும்.