முகம் மூடிய நேரம்

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ். என் முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவருக்குப் புதிதாக மழித்த தலை.

"அண்ணனை எடுத்த அன்னைக்குன்னு பாத்து லண்டன்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிட்டாங்க," என்றார் அவர்.

"எதுக்குங்க?"

"கோடையில வெளிச்சத்தை வீணாக்கக் கூடாதுன்னு முன்னால தள்ளுவாங்களாம். குளிர் வந்தா திருப்பி வச்சிருவாங்க. உலகப்போர்ல நிலக்கரி மிச்சம் பிடிக்க ஆரம்பிச்சதாம். போர்க்காலத்துல நம்ம நாட்டுலயும் தள்ளி வச்சாங்களாம். நாம விட்டுட்டோம், அவங்க விடல."

"லண்டன்ல இருக்கிற உங்க அண்ணன் மகனுக்கு இது தெரியாதா?"

"நாந்தான் முதல் நாளே சொன்னேன், இங்க நாலு மணி, உனக்குப் பதினொன்றரை, போன்ல வந்து அப்பா முகத்தைப் பாத்துக்கன்னு. அந்த நேரத்துக்குத்தான் வேலையில அனுமதி வாங்கியிருக்கான். பின்னால தள்ளின கடிகாரப்படி சரியா பதினொன்றரைக்கு வந்தான். அப்ப இங்க மணி அஞ்சு."

"கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கலாமே."

"சுடுகாட்டுல சிதை மேல வைக்கோல் போட்டு மண் பூசிட்டு, முகத்தை மட்டும் மூடாம வச்சிருந்தோம். அதுக்குள்ள மழை இருட்டிருச்சு. களிமண் பூசுறவர் எவ்வளவு நேரம் மண்ணைக் கையில வச்சுக்கிட்டு நிப்பாரு?"

அவர் தன் மழித்த தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்பாவைக் காட்டுங்க சித்தப்பான்னான். பூசின மண்ணைத்தான் காட்டினேன்."