ஆர்விட் கேட்ட ஒரு வரி

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குச் சீக்கிரமே போய்விட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் மீன் தீர்ந்து, உருளைக்கிழங்குதான் தட்டில் விழும். தேவாலயக் கூடத்தில் வரிசை வாசல்வரை நிற்கும். மருந்துக்கடை ஆர்விட் கோஸ்கெலாவிடம் நான் சொன்னதும் அதைத்தான்: சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று. அதில் என்ன குற்றம்? விசாரிக்க வந்திருப்பவர் நீங்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மத்திய நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குச் செய்தி எழுதிக் கொடுப்பது என் வேலை. கைதுக்கு முரசு அறைவோம். வழக்கு கலைந்தால் மூச்சு விடமாட்டோம். இது நான் உண்டாக்கிய வழக்கமல்ல. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் அப்படித்தான். வழக்கைக் கைவிட எங்கள் அலுவலகம் கொடுக்கும் தள்ளுபடி மனு ஒரே ஒரு தாள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல், நிருபர்கள் மதுக்கடைக்கோ மான் வேட்டைக்கோ கிளம்பிய பிறகு, நீதிபதியின் மேசைக்குப் போகும். கையெழுத்தானதும் கோப்புக்குள் அடங்கிவிடும்.

சென்ற பிப்ரவரியில் ரஸ் டிரெம்பத்தின் மகன் நேதன் இறந்தான். பத்தொன்பது வயது. ஹாக்கி ஆட்டத்தில் தோள் பிசகி, வலியால் துடித்துக்கொண்டிருந்த பையன். ஏரிக்கரைப் படகுத்துறையில் அவன் வண்டியிலேயே கிடந்ததை மறுநாள் காலையில் மீன் பிடிக்க வந்தவர்கள் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு வலிமாத்திரைக் குப்பி. பெயர்ச்சீட்டு உரிக்கப்பட்டிருந்தது; மூடியில் மட்டும் கோஸ்கெலா மருந்துக்கடையின் பெயர். கடையைச் சோதித்தார்கள், அதே மாத்திரை சரக்கில் குறைந்தது. அதற்குமேல் என்ன வேண்டும்? மருத்துவர் சீட்டு இல்லாமல் கள்ளத்தனமாக விற்றார் என்று ஆர்விட்டைப் பிடித்தார்கள். ‘மருந்துக்கடையில் மரண வியாபாரம்’ என்று தலைப்பு வைத்தது நான்தான். நல்ல தலைப்பு. டெட்ராய்ட் தொலைக்காட்சிவரை போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காலமெல்லாம் அவர் கையால் மருந்து வாங்கியவர்கள் அவர் கடைக் கண்ணாடியில் முட்டை எறிந்தார்கள். தேவாலயத்தில் அவர் உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. அவர் மனைவி ஹில்மா ரொட்டி வாங்கக்கூட அடுத்த ஊருக்குப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்தக் குப்பி என் வீட்டுக் குப்பி.

முதுகில் அறுவை சிகிச்சை நடந்தபோது எனக்குக் கொடுத்த மாத்திரை அது. வலி தாங்கவில்லை என்று நேதன் சொன்னதும் என் மகள் ஐனா இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்துவிட்டாள். பதினேழு வயது, தாயில்லாப் பிள்ளை. அந்த இரக்கத்துக்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட செய்திகளை எழுதியே வயிறு வளர்த்தவன் நான்.

“அப்பா, நான் போய்ச் சொல்லிடறேன். அந்த மனுஷன் முகத்தைப் பாக்க முடியல,” என்று அழுவாள்.

“பொறும்மா. தப்பு செய்யாத மனுஷனைக் கோர்ட்டே விட்டுடும். நடுவுல நீ ஏன் போய் விழறே?”

நான் சொன்னது பலித்தது. நவம்பரில் வழக்கு கலைந்தது. காணாமல்போன மாத்திரைகள் காணாமல் போகவே இல்லை. கடையின் பின்கட்டில் இருந்த ஓர் அலமாரியை எண்ண மறந்திருக்கிறார்கள். வழக்கம்போல வெள்ளிக்கிழமை, வழக்கம்போல ஒரு தாள். எண்ண மறந்த கதை அந்தத் தாளில் இல்லை.

அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஆர்விட் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டார்.

“லெனார்ட், என்னைப் பிடிச்சப்போ ஊருக்கே தம்பட்டம் அடிச்சியே. விட்டதுக்கு ஒரு வரி எழுதேன்ப்பா. ஒரே ஒரு வரி. ஹில்மா சாப்பிடறதே இல்ல. உன் கால்ல விழணும்னாலும் விழறேன்.”

“அப்படி வழக்கமில்லையே, ஆர்விட்.”

“என்னப்பா வழக்கம்? செத்தவனுக்குக்கூட பேப்பர்ல நாலு வரி போடறீங்க. நானும் செத்தாத்தான் போடுவீங்களா?”

அவர் அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் பேசினார்.

“சரி, நீ எழுத வேண்டாம். கடையைத் திறந்து நானே உக்காந்து பாக்கப்போறேன். அந்த மாத்திரையை யார் யார் வாங்கினாங்கன்னு எல்லாம் என்கிட்ட இருக்கு. அதிகாரிங்க என்னைத் தவிர வேற யாரையும் தேடவே இல்ல. அந்தக் குப்பி யாருதுன்னு தெரியாம நான் கண்ணை மூட மாட்டேன்.”

அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. ஆனாலும் ஆதரவாகத்தான் பேசினேன். “இன்னைக்கு மீன் வறுவலுக்கு வாங்க. சீக்கிரமே வந்து வரிசையில நில்லுங்க. உங்க முகத்தைப் பாத்தா ஊருக்குத் தானாப் புரியும்.”

“நீ ஒருத்தன்தான்யா மனுஷன். வர்றேன்,” என்றார்.

அங்கிருந்து நேரே ரஸ் வீட்டுக்குப் போனேன். வழக்கு தள்ளுபடியானால் பறிகொடுத்த குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. கொட்டகையில் மானைத் தொங்கவிட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். செய்தியைச் சொன்னேன்.

“அப்போ அவன் செய்யலையா?”

“அப்படின்னு மனுவுல இல்ல, ரஸ். மறுபடி வழக்குப் போட வழி வச்சித்தான் தள்ளியிருக்காங்க.”

“போடுவாங்களா?”

“அதுபத்தி நான் பேசக் கூடாது.”

“தப்பிச்சிட்டான்னு வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டா.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

“இப்ப எங்க இருக்கான்?”

“மீன் வறுவலுக்குப் போறதாச் சொன்னாரு.”

இதில் ஒரு பொய் காட்டுங்கள் பார்க்கலாம். அந்த அலமாரியைப் பற்றி அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வேட்டைப் பருவத்தில் எங்கள் ஊரில் வண்டியில் துப்பாக்கி இல்லாதவன்தான் அதிசயப் பிறவி.

நான் சொன்னபடியே ஆர்விட் சீக்கிரமாக வந்திருக்கிறார். ஹில்மாவையும் கூட்டிக்கொண்டு, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக. தட்டில் மீன் விழுவதற்குள் ரஸ் உள்ளே வந்துவிட்டான்.

அவர் கேட்ட வரியைத் திங்கட்கிழமை நானே எழுதினேன்: ‘இறந்தவர்மீதான வழக்கு ஏற்கெனவே தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது.’ எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ரஸ் அதைச் சிறையில் படித்துவிட்டுச் சுவரில் தலையை மோதிக்கொண்டானாம். பாவம், நல்ல மனிதன்.

இப்போது ஐனா பக்கத்து அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். எல்லாம் அவளுக்குத் தெரியாது. நேதன் கண் திறக்கவில்லை என்று அன்று சாயங்காலம் படகுத்துறையிலிருந்து அவள் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். ஓடினேன். “போயிட்டான்மா, நீ வீட்டுக்குப் போ,” என்று அவளை அனுப்பி வைத்தேன். ஒரு தகப்பன் வேறென்ன செய்வான்? என்ன விழுங்கினான் என்று மருத்துவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று குப்பியை அங்கேயே விட்டேன். அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி உண்டு. பெயர்ச்சீட்டை மட்டும்தான் உரித்தேன், என் மகளுக்காக. அதில் இருந்தது என் பெயர். குளிரில் பசை இறுகிப்போயிருந்தது. நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கடைசித் துணுக்கு வரும்வரை நான் பதறவில்லை. நேதனும் அதுவரை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான்.